மூன்று கிராம் வில்லன்!

லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப்... காலை வாரும் வைஃபை கார்டு... அம்பத்தூர் முதல் ரிச்சி தெரு வரை ஒரு தேடல்

இரவு 9.40. திருமுல்லைவாயலில் என் அக்கா வீடு. சமையலறையில் தோசை வாசனை. உள்ளறையிலிருந்து மேசையை ஓங்கித் தட்டும் சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு கூக்குரல்.

“மாமா, மறுபடியும் போச்சு!”

அக்கா மகன் இன்ஜினீயரிங் இரண்டாமாண்டு. ஆடுவது வேலோரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை. அணிக்கு ஐந்து பேர். எதிராளி சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் அந்த நொடியில் இவன் திரை உறைந்துபோகிறது. திரை மறுபடி அசையும்போது இவன் சுருண்டு கிடக்கிறான். கூட ஆடும் நாலு பேரும் ஹெட்செட்டில் கழுவிக் கழுவி ஊற்றுகிறார்கள்.

“மாசா மாசம் காசு வாங்கறான்ல, அந்த நெட்டுக்காரனை மாத்து தம்பி” என்றாள் அக்கா, தோசையைத் திருப்பியபடி.

நெட்டுக்காரர் அதற்குள் மூன்று முறை வந்து போயிருந்தார். மூன்று முறையும் ஹாலில் ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் வேகத்தைச் சோதித்தார். 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் 290 காட்டியது. “லைன் சுத்தமா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது பொய்யில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மறுநாள் பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடையில் 15 மீட்டர் லேன் வயர் வாங்கிவந்து, ரூட்டரிலிருந்து உள்ளறை வரை தரையோடு இழுத்து லேப்டாப்பில் செருகினேன். அரை மணி நேரம் ஆடினான். மும்பையில் இருக்கும் விளையாட்டு சர்வருக்குப் போய்த் திரும்ப 31, 32, 31 மில்லி செகண்ட். ஆணி அடித்ததுபோல நின்றது. வயரைப் பிடுங்கி வைஃபைக்கு மாற்றினேன். இம்முறை மும்பை வரை போகவேயில்லை. ஹாலில் இருக்கும் ரூட்டருக்கு மட்டும் பிங் அடித்து, ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். 4, 6, 5, 187, 9, 240. நடுவில் ஒரு முறை பதிலே இல்லை.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மும்பைக்குப் போய்த் திரும்ப 31 மில்லி செகண்ட். இரண்டு சுவர் தாண்டி ஹாலுக்குப் போய்த் திரும்ப 240. கோளாறு கடலடிக் கேபிளிலும் இல்லை, தெரு ஓர ஃபைபரிலும் இல்லை. வீட்டுக்குள், அதிலும் லேப்டாப்புக்குள்ளேயே இருந்தது.

யானை வாங்கி, அங்குசத்துக்கு யோசித்த கதை

கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர் கடையில் என்னென்ன கேட்பார்? கிராபிக்ஸ் கார்டு என்ன, பிராசஸர் எந்தத் தலைமுறை, ரேம் எவ்வளவு, திரை எத்தனை ஹெர்ட்ஸ், விசைப்பலகையில் விளக்கு எரியுமா. வைஃபை கார்டு என்ன என்று யாரும் கேட்பதில்லை. பெட்டியின் மேல் ‘வைஃபை உண்டு’ என்று அச்சடித்திருந்தால் போதும், திருப்தி.

வாங்குகிறவர் கேட்காத இடத்தில்தான் விற்கிறவர் கை சிக்கனமாகும். விலை குறைந்த, நடுத்தர விலை கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் வெகுகாலம் நடந்தது இதுதான். எண்பதாயிரம், லட்சம் என்று விலை வைத்த கருவிக்குள் இருப்பதிலேயே மலிவான வைஃபை கார்டைப் பொருத்தி அனுப்பினார்கள்.

அந்தக் கார்டு எவ்வளவு பெரியது? 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் கடைக்காரர்கள் அதை ‘2230’ என்கிறார்கள். தபால்தலை அளவுதான். எடை மூன்று கிராமுக்குள் அடங்கிவிடும். லேப்டாப்பின் அடிவயிற்றில் எம்.2 என்ற சின்னச் செருகுவாயில், ஒரே ஒரு ஸ்க்ரூவின் பிடியில் படுத்திருக்கும். அதன் தலையிலிருந்து கிளம்பும் முடி போன்ற வயர்கள் திரையின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஆன்டெனாவுக்குப் போகும். வைஃபை, புளூடூத் இரண்டும் இந்த ஒரே கார்டின் வேலை.

இந்தக் கார்டுகளில் இரண்டு சாதி. ஒன்றை ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பார்கள். ஒரே ஆன்டெனா வழியாக ஒரே தடத்தில் அனுப்பும், வாங்கும். இன்னொன்று ‘இரண்டுக்கு இரண்டு’. இரண்டு ஆன்டெனா, இரண்டு தடம். வைஃபை 5 தலைமுறையில் முதல் சாதியின் உச்சவேகம் 433 எம்பிபிஎஸ், இரண்டாவதன் உச்சவேகம் 867. இது காகிதக் கணக்கு. கைக்கு வருவது இதில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு.

அக்கா மகன் லேப்டாப்பில் இருந்தது ஒன்றுக்கு ஒன்று. ஹாலில் ரூட்டருக்கு முன் உட்கார்ந்தால் 433 காட்டியது. உள்ளறைக்குப் போனதும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவரில் மோதித் தேய்ந்துவிட, லேப்டாப் தானாகவே பழைய 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. அங்கே காட்டிய எண் 72. போதாக்குறைக்கு அவன் காதில் புளூடூத் ஹெட்செட். புளூடூத் ஓடுவதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். ஒற்றை ஆன்டெனா கார்டு ஹெட்செட்டோடு கொஞ்ச நேரம், ரூட்டரோடு கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் பேச வேண்டும். குருவி தலையில் பனங்காய்! துப்பாக்கிச் சத்தம் காதுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், துப்பாக்கி பிடித்தவன் எங்கே நிற்கிறான் என்ற தகவல் வாசலில் காத்துக் கிடந்தது.

பல பேர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ஆன்லைன் ஆட்டத்துக்கு வேகம் அதிகம் தேவையே இல்லை. பெரும்பாலான ஆட்டங்கள் நொடிக்கு ஒரு மெகாபிட்கூடக் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ஒழுங்கு. 30 என்றால் எப்போதும் 30 இருக்க வேண்டும். 5, 5, 240 என்று துள்ளினால் எத்தனை எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் பயனில்லை. 300-ஐ 500 ஆக்கி மாதக் கட்டணத்தை ஏற்றிவிட்டு, “இப்பவும் அதேதான்” என்று புலம்புகிற வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன.

காற்றில் ஓடும் ஷேர் ஆட்டோ

திருமுல்லைவாயல், அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி என்று எங்கே பார்த்தாலும் தோட்டமும் வயலும் இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்புகள். வீட்டுக்கு ஒரு ரூட்டர். அக்கா வீட்டில் நின்று போனில் பார்த்தபோது கண்ணில் பட்ட வைஃபை பெயர்கள் 23. ஒன்றின் பெயர் ‘கேட்காதே தரமாட்டேன்’.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. இருபத்து மூன்று ரூட்டர்களும் இந்த மூன்று தடங்களில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். வைஃபையின் சுபாவம் வேறு மிக மரியாதையானது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் குறுக்கே பேசாது. அவர் முடிக்கும்வரை பொறுக்கும். மேல்வீட்டு சீரியல், எதிர்வீட்டு ஆன்லைன் வகுப்பு, கீழ்வீட்டு கண்காணிப்பு கேமரா எல்லாம் பேசி முடித்த பிறகுதான் நம் பையனின் தோட்டா கிளம்பும்.

5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைக் கண்டால் அதற்குப் பலவீனம். கான்கிரீட் தூண், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி எல்லாம் அதன் எதிரிகள். இரண்டு ஆன்டெனா கார்டின் அருமை இங்கேதான் தெரியும். ஒரே சிக்னல் சுவரில் பட்டு, கதவில் பட்டு, வெவ்வேறு வழியாக வந்து சேரும்போது இரண்டு காதாலும் கேட்டுத் தேறுகிறது.

2019-ல் சந்தைக்கு வந்த வைஃபை 6, நெரிசலுக்கு இன்னொரு மருந்து கொண்டுவந்தது. பழைய முறையில் ஒரு சவாரிக்கு ஓர் ஆட்டோ. பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் ஒரு கருவியின் தகவலை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். வைஃபை 6-ல் அதே ஆட்டோவில் நாலைந்து பேர் ஏறிக்கொள்கிறார்கள். ஆவடியிலிருந்து அம்பத்தூர் வழியாகப் பாடிக்குப் போகும் ஷேர் ஆட்டோக்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனை. ரூட்டரும் வைஃபை 6, லேப்டாப்பும் வைஃபை 6 என்றால்தான் அந்த ஆட்டோ ஓடும்.

அலைவரிசை விஷயத்தில் நம் நாட்டுக் கதை தனி. 2.4 கிகாஹெர்ட்ஸை வீட்டில் பயன்படுத்த உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு அறிவித்தது 2005-ல். 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றித் திறந்துவிட்டது 2018 அக்டோபரில். அடுத்தது 6 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020-லேயே அதைத் திறந்துவிட்டது. இங்கே அதன் கீழ்ப்பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதிகளை வெளியிட்டது 2025 மே மாதத்தில்தான். அதனால் பெட்டியில் ‘வைஃபை 6இ’, ‘வைஃபை 7’ என்று மின்னும் எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் வீட்டு ரூட்டர் எந்தத் தலைமுறையோ, அந்த அளவுக்குத்தான் கார்டின் வீரம்.

கழற்றிப் பார்க்கும் ஊர்

“கார்டை மாத்திடலாம்” என்றேன். அக்கா முகம் மாறியது. “தொண்ணூறாயிரம்டா! பிரிச்சுப் போட்டு வச்சிடாத.”

அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயம் இந்த ஊருக்குப் பொருந்தாது.

சென்னையின் மேற்குப் புறநகர் கழற்றியும் மாட்டியுமே வளர்ந்த மண். அம்பத்தூரில் டிஐ சைக்கிள் தொழிற்சாலையும் டன்லப் டயர் தொழிற்சாலையும் இருந்தன. 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகள் வரிசை கட்டின. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கியையே கழற்றி மாட்டினார்கள். 1966-ல் தொடங்கிய சுந்தரம் பாசனர்ஸ் பாடியில் செய்ததே போல்ட்டும் திருகும்தான். தாத்தா காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் திண்ணையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மண்ணெண்ணெயில் செயினை ஊறவைத்து, பேரிங் குண்டுகளை எண்ணி எடுத்து வைப்பார்கள். அந்த வீட்டுப் பேரனுக்கு ஒரு ஸ்க்ரூவைத் திருப்பக் கை நடுங்குகிறது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. லேப்டாப் எங்கோ சீனாவில் பிறந்து வானத்திலிருந்து குதிப்பதாக நினைக்கிறோம். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே டெல் நிறுவனம் 2007-லேயே தொழிற்சாலை தொடங்கியது. புதுச்சேரியில் லெனோவா. 2025 ஜனவரியில் சென்னை ஏற்றுமதி மண்டலத்தில் சிர்மா எஸ்ஜிஎஸ் நிறுவனம், தைவானின் எம்எஸ்ஐ நிறுவனத்துக்காக லேப்டாப் பூட்டும் பிரிவைத் தொடங்கியது. எம்எஸ்ஐ என்றால் கேமிங் ஆட்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இங்குள்ள கைகள் பூட்டுவதை இங்குள்ள கைகள் திறக்கக் கூடாதா?

ஆவடிக்கு அப்பால் காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று, அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு லேப்டாப் என்ற பொருளே வீட்டுப் பாத்திரம் போலப் புழங்க ஆரம்பித்தது. பாத்திரம் போலப் புழங்கும் பொருளுக்குப் பாத்திரம்போல ஈயம் பூசவும் ஆள் வேண்டுமல்லவா? நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்ததும், அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென்று இணையதளம் திறந்ததும் இந்த நியாயத்தில்தான்.

ரிச்சி தெருவில் ஒரு பாடம்

சனிக்கிழமை காலை மாமாவும் மருமகனும் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினோம். அங்கிருந்து ரிச்சி தெரு. அண்ணா சாலைக்குப் பின்னால், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று கிளை விரித்து நிற்கும் எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. ஒரு கால் வைத்தால் அடுத்த கால் வைக்க இடம் தேட வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. “அண்ணா, வைஃபை கார்டு, ஏஎக்ஸ் 210” என்றான் மருமகன். கடைக்காரர் நிமிரவில்லை. கையில் சால்டரிங் கம்பி.

“லேப்டாப் இன்டெல்லா, ஏஎம்டியா தம்பி?”

“ஏஎம்டி, அண்ணா.”

“அப்ப 210 எடு. ஆன்லைன்ல யாராவது 211 வாங்குன்னு சொன்னா வாங்கிடாத. உக்காரும், ஆனா பேசாது.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ரயில் கட்டணம் கொடுக்கலாம். இன்டெல் கார்டுகளில் ஏஎக்ஸ் 200, ஏஎக்ஸ் 210 ஆகியவை தனித்து இயங்கும் கார்டுகள். பொருத்தமான செருகுவாய் இருந்தால் இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் ஓடும். ஏஎக்ஸ் 201, ஏஎக்ஸ் 211 அப்படியல்ல. கார்டின் மூளையில் பாதி லேப்டாப்பின் பிராசஸர் பக்கம் இருக்கும். குறிப்பிட்ட தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் மட்டுமே உயிர் வரும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி அச்சாக ஒன்றுபோல இருக்கும். செருகினால் அழகாக உட்காரும். லேப்டாப் மட்டும் ‘யார் இது?’ என்று கேட்காமலே இருந்துவிடும். வைஃபை 7 கார்டான பிஇ 200 கூட ஏஎம்டி லேப்டாப்களில் பல சமயம் மக்கர் செய்கிறது.

“ரெண்டு வயர் இருக்கானு பாத்தீங்களா சார்?” என்று என்னைக் கேட்டார். விழித்தேன்.

அதுதான் இரண்டாவது பாடம். ஒற்றை ஆன்டெனா கார்டோடு வரும் சில லேப்டாப்களில் கம்பெனி ஆன்டெனா வயரையும் ஒன்றோடு நிறுத்திவிடும். அங்கே இரட்டை ஆன்டெனா கார்டைப் போட்டு என்ன செய்ய? ஒற்றை மாட்டு வண்டிக்கு இரட்டை நுகத்தடி பூட்டிய கதைதான். “திறந்து பாத்துட்டு வாங்க. ரெண்டு வயர் இருந்தா எடுத்துக்கலாம். கார்டு எங்கயும் ஓடிடாது” என்றார். விற்க வந்தவர் விற்காமல் திருப்பி அனுப்பினார். திறந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் போய் அவரிடமே வாங்கினோம். விலை சுமார் 2,000 ரூபாய்.

இட்லித் தட்டு ஆபரேஷன்

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் வெள்ளை வேட்டியை மடித்து விரித்தோம். வெள்ளைத் துணியில் ஸ்க்ரூ விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டோம். புது கார்டுக்கான டிரைவரை முந்தைய இரவே பென் டிரைவில் இறக்கி வைத்திருந்தோம். இதை மறந்தால் நெட் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவர் வருவதற்கு நெட் வேண்டும் என்று முட்டிக்கொண்டு நிற்க நேரும்.

அடிப்பக்கம் 11 ஸ்க்ரூ. எல்லாம் ஒரே நீளமில்லை. நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான துளையில் முறுக்கினால் மறுபக்கம் விசைப்பலகையைத் துளைத்துவிடும். “எதுல போட்டு வைக்கறது மாமா?” என்றான். அக்கா பேசாமல் இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எந்த மூலை ஸ்க்ரூவோ அந்தப் பக்கத்துக் குழியில். இதைவிட நல்ல ஏற்பாடு எந்த சர்வீஸ் சென்டரிலும் இருக்காது.

மூடியின் ஓரத்தில் பழைய ஏடிஎம் கார்டைச் செருகி மெல்ல நெம்பினோம். உள்ளே பிளாஸ்டிக் கொக்கிகள் ஒவ்வொன்றாக ‘டக், டக்’ என்று விடுபடும். அந்தச் சத்தத்துக்கு அக்கா ஒவ்வொரு முறையும் கண்ணை மூடினாள். மூடி வந்ததும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அடுத்து, பக்கத்தில் இருந்த இரும்பு ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுவிட்டு வந்தோம். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் ஒரு சிப்பைச் சத்தமில்லாமல் சாகடித்துவிடும்.

எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது அந்தப் பழைய கார்டு. தலையில் ஒரு வயர் மாட்டியிருந்தது. இன்னொரு வயர் நுனியில் சின்ன பிளாஸ்டிக் உறையோடு ஓரமாக ஒட்டப்பட்டிருந்தது. இரண்டாவது ஆன்டெனா இத்தனை நாளாக வேலையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது! முதலில் திறந்து பார்த்த அன்று இதைக் கண்டு “டேய், இருக்குடா!” என்று நான் கத்தியதில் அக்காவுக்குக் கைகால் ஓடவில்லை.

கழற்றும் முன் ஒரு படம் எடுத்தோம். கறுப்பு வயர் எங்கே, வெள்ளை வயர் எங்கே என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும், நிறத்தை நம்பக் கூடாது. அந்த ஒற்றை ஸ்க்ரூவை எடுத்ததும் கார்டு தானாகவே ஒரு பக்கம் சாய்வாக எழுந்தது. அதே சாய்வில் வெளியே இழுத்து, அதே சாய்வில் புது கார்டைச் செருகி, அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முறுக்கினோம்.

கஷ்டம் இனிமேல்தான். வயரின் நுனி கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். அது கார்டின் வட்டத்தின் மேல் நேர்க்குத்தாக உட்கார வேண்டும். கோணலாக அழுத்தினால் நசுங்கிவிடும். நசுங்கினால் வயரையே மாற்ற வேண்டும், அதற்குத் திரையையே பிரிக்க வேண்டும். நான் மூன்று முறை முயன்று வியர்த்தேன். “தள்ளுங்க மாமா” என்று அவன் வந்தான். விரல் நுனியில் தடவிப் பார்த்து, இடம் கண்டுபிடித்து, நகத்தால் அழுத்தினான். ‘டிக்.’ இன்னொரு ‘டிக்.’ தாத்தாவின் பேரிங் குண்டு பேரன் விரலுக்கு வந்துவிட்டது.

மொத்தம் 40 நிமிடம். அதில் கார்டு மாற்ற ஆனது பத்து நிமிடம்கூட இல்லை.

அன்று இரவு

ரூட்டர் நெட்டுக்காரர் கொடுத்த பழைய வைஃபை 5 தான். அதனால் ஹாலில் 433 காட்டிய லேப்டாப் இப்போது 867 காட்டியது, அதற்கு மேல் இல்லை. உள்ளறையில்தான் அதிசயம். 2.4-க்கு இறங்காமல் 5 கிகாஹெர்ட்ஸிலேயே நின்று 585 காட்டியது. முன்பு 72. ரூட்டருக்கு பிங் 2, 3, 2, 4. எப்போதாவது ஒரு முறை 12.

மற்றதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்த ரூட்டரை எடுத்து, ஹால் சுவரில் ஏழடி உயரத்தில் மாட்டினோம். அதற்கும் இதில் பங்குண்டு. அவன் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடுகிறவனாக இருந்திருந்தால், முதலில் வாங்கிய அந்த லேன் வயரைச் சுவரோரம் ஒழுங்காக அடித்துக் கொடுத்திருப்பேன். எந்த வைஃபை கார்டும் வயருக்கு ஈடாகாது. அக்கா வீட்டில் வயரைத் தாண்டி நடக்கும் வயதான அத்தை இருக்கிறார். லேப்டாப்பும் காலையில் கல்லூரிக்கும் போகிறது. அதனால் கார்டு.

எல்லா லேப்டாப்பிலும் இது முடியாது என்பதும் உண்மை. மெல்லிய மாடல்கள் சிலவற்றில் வைஃபை சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பழைய பிராண்டட் லேப்டாப்கள் சிலவற்றில், கருவியை எழுப்பும் பயாஸ் என்ற மென்பொருள் ஒரு காவல்காரன் மாதிரி நின்று, பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் இயங்கவே மறுத்துவிடும். பழைய திங்க்பேட் ஆட்களுக்கு ‘1802’ என்ற பிழை எண்ணைச் சொன்னால் இன்றும் முகம் சுருங்கும்.

பெட்டி: ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்...

1. லேன் வயரில் ஆடிப் பாருங்கள். அப்போதும் துள்ளினால் கோளாறு கார்டில் இல்லை. நெட்டுக்காரரைக் கூப்பிடலாம்.

2. ரூட்டரின் முகவரிக்கு பிங் அடித்துப் பாருங்கள். அங்கேயே எண் துள்ளினால் வீட்டுக்குள்தான் பிரச்சினை.

3. ரூட்டரைத் தரையிலிருந்து, பீரோவுக்குப் பின்னாலிருந்து, மீன் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். காசில்லாத வைத்தியம்.

4. டிவைஸ் மேனேஜரில் இப்போதைய கார்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஆன்டெனாவா, இரட்டையா என்று தேடினால் கிடைக்கும். ஏற்கெனவே இரட்டை ஆன்டெனா வைஃபை 6 கார்டு என்றால் பர்ஸை மூடிவிடுங்கள். முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

5. வாரன்டி காலத்துக்குள் இருந்தால், கார்டு மாற்றினால் வாரன்டி போகுமா என்று கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் சேராது.

6. திறந்து, வயர் எத்தனை என்று எண்ணிவிட்டுக் கடைக்குப் போங்கள். ஏஎம்டி லேப்டாப்புக்கு 201, 211 வேண்டவே வேண்டாம்.

7. பழைய கார்டைத் தூக்கி எறியாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் நாளில் அதைத் திரும்ப மாட்டிக் கொடுக்கலாம்.

கடையில் ஒரு கேள்வி

அக்கா மகன் இப்போது தோற்றால் மேசையைத் தட்டுவதில்லை. காரணம் சொல்ல வைஃபை இல்லை, தன் குறிதான் சரியில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் வகுப்பில் நாலு பேர் தங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்குக் கார்டு மாற்றினான். மூன்றாவது லேப்டாப்பில் ஒரே வயர் இருந்ததால் மூடிக் கொடுத்துவிட்டான். நாலாவது பையனுக்குக் கார்டே மாற்றத் தேவையில்லை, ரூட்டர்தான் பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ கைக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. சொந்தக் காசில் வாங்குகிறவர்கள் தனி. இனிமேல் லேப்டாப் கடையில் நிற்கும்போது கிராபிக்ஸ், ரேம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: “இதில் என்ன வைஃபை கார்டு? கழற்றி மாற்ற முடியுமா?” நாலு பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். நாற்பதாயிரம் பேர் கேட்டால் கம்பெனி பெட்டியின் மேல் அச்சடிக்கும். பதில் சொல்லத் தெரியாத கடையில் லட்ச ரூபாயை எண்ணிக் கொடுக்காதீர்கள்.